தம்ப்பிக் போட்டதும் வேகம் குறைவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கிட்டாரில் ஃபிளாட்பிக் (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் பிடித்துத் தந்தியை மீட்டும் சாதாரணத் தகடு) வைத்து ஓரளவு வேகமாக வாசிக்கிற ஒருவர், பேஸும் மெலடியும் சேர்ந்து ஓடும் டிராவிஸ் பாணிக்காகத் தம்ப்பிக்குக்கு, அதாவது கட்டைவிரலில் மோதிரம் போல மாட்டும் பிக்குக்கு, மாறியிருக்கிறார். அந்த வாசிப்பு நன்றாகவே வருகிறது. ஆனால் கன்ட்ரி லீட் மாதிரி ஒற்றை நோட்டுகளை விரட்டப் போனால் பிக் தந்தியில் மாட்டுகிறது, விரலில் திரும்பிக்கொள்கிறது, 90 பிபிஎம்மை (நிமிடத்துக்கு 90 பீட்) தாண்டவே முடியவில்லை. நல்ல பிக் வாங்கினால் சரியாகுமா, மேலும் கீழுமாக அடிக்கப் பழக வேண்டுமா, விரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

விரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் தம்ப்பிக்கில் வேகம் என்பது கட்டைவிரல் கீழே, ஆள்காட்டி விரல் மேலே என்று மாறி மாறி அடிப்பதில்தான் இருக்கிறது. கட்டைவிரலுக்கு அப்ஸ்ட்ரோக் (மேல்நோக்கிய அடி) வேலையே கொடுக்காதீர்கள்.

காரணம் பிக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. தம்ப்பிக்கின் பட்டை கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கிறது, தந்தியை அடிக்கும் அலகு சதைப்பக்கத்திலிருந்து வெளியே நீள்கிறது. டவுன்ஸ்ட்ரோக்கில் தந்தி அந்த அலகைச் சதையின்மேல் அழுத்துகிறது, விரலே முட்டுக்கொடுத்துவிடுகிறது. அப்ஸ்ட்ரோக்கில் தந்தி அலகைச் சதையிலிருந்து பிரித்து இழுக்கிறது. அப்போது தாங்குவது பட்டையின் இறுக்கம் மட்டுமே. மெதுவாக அடிக்கும்போது அது போதும். வேகம் கூடக்கூட ஒவ்வொரு அப்ஸ்ட்ரோக்கும் பிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். அதைத் தடுக்கக் கட்டைவிரலை இறுக்குவீர்கள், இறுகிய விரல் இன்னும் மெதுவாகும். 90-இல் நின்றுபோவது பயிற்சிக் குறைவு அல்ல, இந்தச் சுழல்தான்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 120 பிபிஎம்மில் ஒரு பீட்டுக்கு நான்கு நோட்டு என்றால் நொடிக்கு எட்டு நோட்டு. விரலோடு பங்கு போட்டால் கட்டைவிரல் நொடிக்கு நான்கு முறை கீழே அடித்தால் போதும். டிராவிஸ் பாணியில் பேஸ் வாசிக்கும் கட்டைவிரலுக்கு 120-இல் நொடிக்கு இரண்டு அடி, 200-ஐத் தாண்டும் பாடல்களில் மூன்றரைக்குப் பக்கத்தில். ஆக, உங்கள் கட்டைவிரல் ஏற்கெனவே முக்கால்வாசி தூரம் வந்துவிட்டது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் 16-ஆம் நூற்றாண்டு வாசிப்பிலேயே வலுவான அடிக்குக் கட்டைவிரல், மெலிந்த அடிக்கு ஆள்காட்டி என்ற முறை இருந்தது. டிராவிஸ் பாணிக்குப் பெயர் தந்தவர், அமெரிக்காவில் கென்டக்கியின் மூலன்பெர்க் கவுன்டியில் வளர்ந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) தம்ப்பிக்கோடு பெரும்பாலும் ஆள்காட்டி ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தவர். அவரை வானொலியில் கேட்டு வளர்ந்த செட் அட்கின்ஸுக்கு (1924–2001) அந்தக் கை கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் ஒரே விரல் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மூன்று விரல்களைப் பழக்கிவிட்டார். பாஞ்சோவில் டான் ரினோ ஒரே தந்தியில் ஒற்றை நோட்டு ஓட்டங்களைக் கட்டைவிரல்–ஆள்காட்டி மாற்றத்தில்தான் வாசித்தார். நாஷ்வில் ஸ்டுடியோக்களில் எண்ணற்ற பதிவுகளுக்கு டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வாசித்த பிரென்ட் மேசன் கையிலும் தம்ப்பிக்கும் விரல்களும்தான். எனவே தம்ப்பிக் ஃபிங்கர்ஸ்டைலுக்கு மட்டும், லீடுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் பிக்கைச் சரிசெய்யுங்கள். கடையில் வாங்கியபடியே போட்டு வேகம் எதிர்பார்ப்பது, புதுச் செருப்போடு ஓட்டப்பந்தயத்துக்குப் போவது மாதிரி. பட்டை நகத்தின் அடிப்பாதிக்கும் முதல் மூட்டுக்கும் இடையில் உட்கார வேண்டும். மூட்டின்மேல் ஏறினால் விரலை மடக்க முடியாது. நகநுனிக்கு இறங்கினால் கழன்று பறக்கும். பத்து நிமிடம் வாசித்ததும் விரல்நுனி சிவந்து மரத்தால் இறுக்கம் அதிகம். கையை உதறினால் திரும்புகிறது என்றால் குறைவு. கடையில் கிடைக்கும் இரண்டு அளவுகளுக்கு நடுவில் உங்கள் விரல் விழுந்தால், செல்லுலாய்ட் பிக்கை இடுக்கியில் பிடித்துக் கொதித்து இறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, இளகியதும் விரல் பருமனுள்ள மார்க்கர் பேனாவில் மாட்டி ஆறவிடுங்கள். நேராக விரலில் போட்டால் கொப்பளிக்கும். லைட்டரோ மெழுகுவத்தியோ வேண்டவே வேண்டாம், செல்லுலாய்ட் சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள். வேர்வையில் வழுக்கினால் பட்டையின் உட்புறத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள்.

அடுத்தது அலகின் நீளம். சிக்கலில் பாதி இங்கேதான். வழக்கமான தம்ப்பிக்கின் அலகு நீளமானது. தந்திக்கடியில் ஆழமாகப் போய் வெளியே வர நேரம் எடுக்கும், மாட்டுகிற உணர்வு அதனால்தான். நகவெட்டியால் ஒரேயடியாக வெட்டாமல், ஒரு மில்லிமீட்டர் எடுத்து வாசித்துப் பார்த்து மறுபடி எடுங்கள். சதையைத் தாண்டி ஆறேழு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் பலருக்குப் போதும். நுனியை உருண்டையாக விடாமல் சற்றே கூராக்குங்கள். 400-ஆம் எண் உப்புத்தாளில் வடிவம், 1000-இல் வழவழப்பு, கடைசியில் ஜீன்ஸ் துணியில் நன்றாகத் தேய்ப்பு. தந்தியைத் தொடும் ஓரத்தில் வெட்டுத் தழும்பு இருந்தால் சுற்றுக்கம்பித் தந்திகளில் கீச்சென்று கேட்கும்.

என்ன வாங்குவது என்றால், டன்லப் வழக்கமான வடிவம், மலிவு, வெட்டிப் பழக ஏற்றது. மெல்லிய, குட்டையான அலகு வேண்டுமானால் ஃப்ரெட் கெல்லி ஸ்பீட் பிக். லைட், மீடியம், ஹெவி என்று கிடைக்கும். லைட் வளைந்து கொடுத்து அடியைத் தாமதப்படுத்தும் என்பதால் லீடுக்கு மீடியமோ ஹெவியோ எடுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் வாசிக்க முடியவில்லை என்றால் ஸூக்கீஸ் பாருங்கள், அதன் நுனி 10, 20, 30 டிகிரி சாய்வுகளில் வருகிறது. ஒன்றோடு பழகிய பிறகு மாற்றாதீர்கள். ஒரே மாதிரி இன்னும் மூன்றை வெட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கை நிலைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜின்மேல் லேசாகப் படியட்டும். கட்டைவிரல் ஆள்காட்டிக்கு முன்னால், கழுத்துப் பக்கமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் வேகம் வராது. கட்டைவிரல் அடிவேரிலிருந்து அசைய வேண்டும், நுனிமூட்டு மடங்கினால் அலகின் கோணம் ஒவ்வொரு அடிக்கும் மாறும். ஆள்காட்டி கொக்கி மாதிரி தந்தியை வெளியே இழுக்கக் கூடாது. உள்ளங்கையை நோக்கிச் சின்னதாக ஒரு வருடல் போதும். அலகும் சரி, விரல்நுனியும் சரி, தந்திக்கடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம்.

முதல் பயிற்சி ஒரே தந்தியில். மூன்றாவது தந்தியில் (மெல்லிய தந்தியிலிருந்து எண்ண வேண்டும்) ஐந்தாவது ஃபிரெட்டைப் பிடித்துக்கொண்டு 60 பிபிஎம்மில் பீட்டுக்கு நான்கு: கட்டை, ஆள், கட்டை, ஆள். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதிலேயே முதல் குறை காதில் விழும். ‘டக்கு டக்கு’ என்று குதிரை நொண்டுகிற மாதிரி. பிக் உரக்கவும் சதை மெல்லவும் பேசுகிறது. அதற்கு மருந்து, ஆள்காட்டியின் அடிக்கு வேண்டுமென்றே அழுத்தம் கொடுப்பது. இரண்டு நிமிடம் அப்படி, பிறகு ஆள்காட்டியில் தொடங்கி இரண்டு நிமிடம், பிறகு இரண்டும் சமமாக. விரல்நகம் சதைக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது வளர்ந்திருந்தால் ஒலி பிக்குக்கு நெருங்கி வரும். நகம் நிற்காதவர்கள் அக்ரிலிக் போட்டுக்கொள்வதும் உண்டு. உள்ளங்கை விளிம்பால் லேசாக மியூட் செய்தாலும் வித்தியாசம் பெருமளவு மறையும்.

ஒரே தந்தியில் ஓடுவது ஒருவாறு வந்துவிடும். தந்தி மாறுமிடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள்.

கட்டைவிரலின் இயல்பான இடம் தடித்த தந்திப் பக்கம், ஆள்காட்டியின் இடம் மெல்லிய தந்திப் பக்கம். நான்காவது தந்தியைக் கட்டைவிரலும் அடுத்து மூன்றாவதை ஆள்காட்டியும் அடித்தால் கை அசையவே வேண்டியதில்லை. அதுவே, ஆள்காட்டி மூன்றாவதில் அடித்த கையோடு கட்டைவிரல் இரண்டாவதுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு விரலும் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே விழும். மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. வேகத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தாமதமாகும். ‘என் மாற்றி அடித்தல் சீராக இல்லை’ என்று நினைத்து ஒரே தந்தியில் இன்னும் ஒரு மாதம் பயிற்சி செய்வீர்கள், அதனால் பயன் இருக்காது.

ஏ மேஜரில் ஒரு சாதாரண கன்ட்ரி வரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் ஃபிரெட் எண்கள்: நான்காவது தந்தி 7, மூன்றாவது தந்தி 4, 5, 6, இரண்டாவது தந்தி 5, 7, 5, மீண்டும் மூன்றாவது 6, 4, நான்காவது 7. ஏ, பி, சி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப் என்று ஏறி அதே வழியில் இறங்குகிறது, இறங்கும்போது சி மட்டும் இல்லை. எல்லா நோட்டையும் அடித்து, கட்டை–ஆள் என்று கண்டிப்பாக மாற்றினால், மூன்றாவது தந்தியின் 6 ஆள்காட்டிக்கும் இரண்டாவதின் 5 கட்டைவிரலுக்கும் விழும். முதல் குறுக்கு. இறங்கும்போது இரண்டாவதின் 5 கட்டைவிரலுக்கு, மூன்றாவதின் 6 ஆள்காட்டிக்கு. இரண்டாவது குறுக்கு. அங்கிருந்து நான்காவதுக்கு இறங்கும் இடத்தில் மூன்றாவது. பத்து நோட்டில் மூன்று விபத்து.

இப்போது ஒரே ஒரு மாற்றம். மூன்றாவது தந்தியில் 4-ஐ ஆள்காட்டி அடிக்கட்டும், 5-ஐ ஹேமர்-ஆனில், அதாவது வலதுகை அடிக்காமல், இடதுகை விரலே தட்டி ஒலிக்க வைக்கட்டும். வலதுகைக் கணக்கு ஒரு நோட்டு தள்ளிப்போகிறது: நான்காவதின் 7 கட்டை, மூன்றாவதின் 4 ஆள், 5 ஹேமர், 6 கட்டை, இரண்டாவதின் 5 ஆள், 7 கட்டை, 5 ஆள், மூன்றாவதின் 6 கட்டை, 4 ஆள், நான்காவதின் 7 கட்டை. தந்தி மாறும் நான்கு இடங்களிலும் தடித்ததைக் கட்டைவிரலும் மெல்லியதை ஆள்காட்டியும் அடிக்கின்றன. ஒரு ஹேமர்-ஆன் மூன்று முடிச்சையும் அவிழ்த்துவிட்டது. போதாக்குறைக்கு, சியிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறுவதுதான் அந்த வரியின் கன்ட்ரி வாசனை, அதற்கு முந்தைய ஹேமரின் வழுக்கல் அந்த அழுத்தத்தை இன்னும் எடுத்துக்காட்டும்.

இதையே உங்கள் எல்லா வரிகளுக்கும் செய்யுங்கள். விரல்களை எழுதிப் பாருங்கள். குறுக்கு வருமிடத்துக்கு முன்னால், அதே தந்தியில் ஒரு ஹேமர்-ஆனோ புல்-ஆஃபோ (இடதுகை விரலை இழுத்தெடுத்து ஒலிக்க வைப்பது) போட்டால் சரியாகிறதா என்று பாருங்கள். இடமில்லையென்றால் மெல்லிய தந்தியின் முதல் நோட்டை நடுவிரலுக்குக் கொடுங்கள். ஆள்காட்டிக்கு அடுத்து நடுவிரல், பிறகு கட்டைவிரல். அதுவும் ஆகாவிட்டால் வரியை வேறு ஃபிரெட்டில் வாசித்துப் பாருங்கள். ஃபிளாட்பிக்கில் கற்ற வரிகளை அப்படியே தூக்கிவந்து தம்ப்பிக்கில் விரட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவை வேறொரு கைக்காக அமைந்தவை.

இங்கிருந்து ஒரு படி மேலே போனால் பாஞ்சோ ரோல் மாதிரி வாசிப்பது. அடுத்தடுத்த நோட்டுகளை ஒரே தந்தியில் வைக்காமல் பக்கத்துத் தந்திகளில் பரப்பி, நடுநடுவே திறந்த (இடதுகை எதையும் அழுத்தாத) தந்திகளை நுழைப்பார்கள். அட்கின்ஸிடமும் இன்னொரு கிட்டார் கலைஞரான ஜெர்ரி ரீடிடமும் அருவி கொட்டுகிற மாதிரி கேட்கும் ஸ்கேல் இதுதான். ஜி மேஜர் ஏறுவரிசையை இப்படி வாசித்துப் பாருங்கள். மூன்றாவது தந்தி திறந்து (ஆள்), நான்காவது 7 (கட்டை), இரண்டாவது திறந்து (நடு), மூன்றாவது 5 (கட்டை), அதே தந்தியில் 7-க்கு ஹேமர், முதல் தந்தி திறந்து (நடு), இரண்டாவது 7 (ஆள்), அதே தந்தியில் 8-க்கு ஹேமர். இடதுகை ஐந்தாவது ஃபிரெட் நிலையிலேயே நிற்கும். 5-க்கு ஆள்காட்டி, 7-க்கெல்லாம் மோதிர விரல், 8-க்குச் சுண்டுவிரல். வலதுகை முதல் மூன்று நோட்டுக்கு 4–3–2 தந்திகளில் உட்கார்ந்திருக்கும். நான்காவது நோட்டிலிருந்து அப்படியே ஒரு தந்தி நகர்ந்து 3–2–1-க்குப் போய்விடும். எட்டு நோட்டுக்கு வலதுகை அடிப்பது ஆறே முறை, எந்த விரலும் அடுத்தடுத்து இருமுறை அடிப்பதில்லை. ஃபிளாட்பிக்கில் இதை வாசிக்க முயன்றால் தந்தி தாவியே கை சோர்ந்துவிடும். தம்ப்பிக்காரர்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். இடதுகை விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் நோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்கும் அழகு போய்விடும், கவனம்.

அலகை ஆள்காட்டியோடு சேர்த்துப் பிடித்து ஃபிளாட்பிக்காக வாசிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆள்காட்டியின் பக்கவாட்டால் அலகை அழுத்தினால் அப்ஸ்ட்ரோக்குக்கும் முட்டு கிடைத்துவிடும். டாமி இம்மானுவேல் போன்ற கிட்டார் கலைஞர்கள் தேவைக்கேற்ப இப்படி மாறிக்கொள்வதுண்டு. ஒரே தந்தியில் நீளமான ஓட்டம், டிரெமோலோ (ஒரே நோட்டை விடாமல் வேகமாக அடிப்பது), வேகமான ரிதம் வீச்சு, இவற்றுக்கு இதுவே நல்லது. ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். பிடிக்கவும் விடவும் அரை பீட்டாவது போகும். பிடிப்பதற்கு அலகு நீளமாக வேண்டும், அப்படியானால் மேலே சொன்னபடி வெட்ட முடியாது. இரண்டும் வேண்டுமென்பவர்கள், சின்ன ஃபிளாட்பிக்கைப் பட்டையில் ஒட்டிய மாதிரி இருக்கும் ஃப்ரெட் கெல்லி பம்பிள்பீ, அல்லது ஸ்பிரிங் வைத்த பிளாக் மவுன்டன் மாதிரி ஒன்றுக்குப் போகலாம். ஒற்றை நோட்டு வாசிப்பே முக்கியம், பேஸ் நடை எப்போதாவதுதான் என்றால், உண்மையில் ஃபிளாட்பிக்கோடு நடுவிரல், மோதிர விரல் சேர்க்கும் ஹைப்ரிட் முறையே சுலபம். தம்ப்பிக்கைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வேகம் ஏற்றும் முறை: 60-இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றுவது அடித்தளத்துக்கு நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. மெதுவான அசைவும் வேகமான அசைவும் ஒன்றல்ல. மெதுவாக வாசிக்கும்போது விரல் தேவையில்லாத தூரம் போய்வர நேரம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் 120-இல் மெட்ரோனோமை வைத்து, ஒரு பீட்டுக்குள் நான்கு நோட்டு, அடுத்த பீட்டின் தலையில் ஐந்தாவது, அத்தோடு நிறுத்துங்கள். இரண்டு பீட் ஓய்வு, மறுபடியும். இந்த ஐந்து நோட்டு சுத்தமாக வந்ததும் ஒன்பதாக்குங்கள், பிறகு மேலே சொன்ன ஏ வரியை முழுதாக. முன்கை கனத்தால் உடனே நிறுத்திக் கையைத் தொங்கவிடுங்கள். இறுக்கத்தோடு வாசித்தால் கை அந்த இறுக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

கம்ப்ரசரை (உரத்த, மெலிந்த அடிகளைச் சமப்படுத்தும் கருவி) அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள். ஸ்லாப்பேக் டிலேயையும் (குறுகிய எதிரொலி)தான். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப், கம்ப்ரசர், 100 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எதிரொலி என்ற கூட்டணி கேட்க அமர்க்களமாக இருக்கும். ஆள்காட்டியின் மெலிந்த அடியை ஒன்று தூக்கிவிடும், தாமதத்தை மற்றொன்று மூடிவிடும், உங்கள் குறை உங்களுக்கே கேட்காது. மேடையில் போடும்போது கம்ப்ரசரின் அட்டாக்கை (அது வேலை செய்யத் தொடங்க எடுக்கும் நேரம்) 20–30 மில்லிசெகண்டுக்கு மெதுவாக்கி வைத்தால் பிக்கின் ‘டிக்’ தப்பிப் பிழைக்கும். தந்தியின் பருமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) 9-இலிருந்து 42 வரையோ, 10-இலிருந்து 46 வரையோ இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் விரல் நகம் தேயும்.

சிக்கன் பிக்கிங்கின் ‘கொக் கொக்’ ஒலிக்கும் இதே கைதான். இடதுகை விரலை ஃபிரெட்டில் முழுதாக அழுத்தாமல் தொட்டுக்கொண்டு கட்டைவிரலால் ஓர் ஊமை அடி, உடனே அழுத்திப் பிடித்து நடுவிரலால் சுண்டி இழுத்து ஒரு திறந்த அடி. இங்கே மட்டும் தந்தியை வெளியே இழுத்து ஃபிரெட்டில் மோதவிடலாம், அந்த மோதலுக்காகத்தான் எல்லாமே.

இவ்வளவுக்கும் பிறகு பிக் திரும்பிக்கொண்டே இருந்தால், கட்டைவிரலைக் குற்றம் சொல்லும் முன் வாசிப்பதை ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டைவிரல் கீழே அடித்துவிட்டு மேலே திரும்பும் வழியில் தந்தியை உரசிக்கொண்டிருக்கும். தெரியாமல் பாதி அப்ஸ்ட்ரோக். திரும்பும்போது அலகை ஒரு நூலளவு தந்திக்கு மேலாகத் தூக்கி வந்தால் அந்த உரசல் நின்றுவிடும்.